விசைப்பலகைக் கைபேசி எத்தனை நாள் உழைக்கும்?

கைபேசி என்றதும் இன்று நம் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு கண்ணாடிப் பலகையே. முகப்பு முழுவதும் திரை. எழுத வேண்டுமானால் எழுத்துகள் அத்திரையிலேயே தோன்றும். எழுதி முடித்ததும் மறைந்துவிடும். ஆனால் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இவ்வாறு இல்லை. திரைக்குக் கீழே, தட்டச்சுப் பொறியைச் சுருக்கி வைத்தாற்போல, விரல்நுனியைவிடச் சிறிய விசைகள் மூன்று நான்கு வரிசைகளாக அமைந்த கைபேசிகள் உலகெங்கும் புழங்கின. எண்கள் மட்டும் பொறித்த, நாம் 'பட்டன் போன்' என்று சொல்லும் எளிய கருவிகளை இங்கே குறிப்பிடவில்லை. மின்னஞ்சல், இணையம், வரைபடம் ஆகிய எல்லா வசதிகளுடனும் முழு விசைப்பலகையையும் கொண்டிருந்த திறன்பேசிகளையே குறிப்பிடுகிறோம்.

அத்தகைய கருவியைக் கைவிட மனமில்லாமல் அன்றாடப் பயன்பாட்டில் வைத்திருப்போர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். இது பழம்பொருள் மீதுள்ள பற்று மட்டும்தானா? அக்கருவியில் உண்மையாகவே ஏதேனும் நன்மை உண்டா? உண்டு எனில், அதனை எத்தனை ஆண்டுகள் உழைக்க வைக்கலாம்? கேள்வி எளியது. ஆனால் விடை காண இயக்கவியல், மின்னியல், வேதியியல், அலையியல் ஆகிய நான்கின் துணையும் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாட்டர்லூவில் பிறந்த கருவி

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாட்டர்லூ என்ற நகரம் உள்ளது. அங்கே 1984-ஆம் ஆண்டில் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃபிரெகின் என்னும் இரு இளைஞர்கள் 'ரிசர்ச் இன் மோஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் கருவிகளில் அந்நிறுவனம் கவனம் செலுத்தியது. 1999-இல் அது 'பிளாக்பெர்ரி' என்ற பெயரில் கையடக்கக் கருவி ஒன்றை வெளியிட்டது. நெருக்கமாக அமைந்த சிறு விசைகள் ஒரு பழத்தின் மணிகளைப் போலத் தோன்றியதே இப்பெயருக்குக் காரணம். இரு கட்டைவிரல்களால் எழுதுவதற்கு ஏற்றவாறு ஒவ்வொரு விசையும் சற்றே சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தது.

2007 சனவரியில் ஆப்பிள் நிறுவனம் விசைப்பலகையே இல்லாத ஐபோனை அறிமுகப்படுத்தியது. அதன்பின் காற்று திசை மாறியது. பிளாக்பெர்ரி 2011-இல் 'போல்டு 9900', 2014-இல் 'பாஸ்போர்ட்', 'கிளாசிக்' ஆகிய விசைப்பலகைக் கைபேசிகளை வெளியிட்டும் சந்தையை மீட்க முடியவில்லை. 2016 செப்டம்பரில், இனித் தானே கைபேசிகளை வடிவமைப்பதில்லை என்று அறிவித்தது. அதன்பின் டி.சி.எல். என்ற சீன நிறுவனம் அப்பெயரில் 'கீ ஒன்', 'கீ டூ' ஆகிய இரண்டையும் முறையே 2017, 2018 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது. அவ்விற்பனையும் 2020 ஆகஸ்டில் முடிவுற்றது. ஆக, இன்று ஒருவர் கையில் பிளாக்பெர்ரி விசைப்பலகைக் கைபேசி இருந்தால், அது பல ஆண்டு வயதுள்ள கருவி என்றே கொள்ள வேண்டும்.

விசைக்குள்ளே ஒரு தகரத் தவளை

திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளைப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் உள்ள தகட்டை அழுத்தினால் 'டக்' என்று உட்புறம் வளையும். விட்டால் மீண்டும் 'டக்' என்று பழைய நிலைக்கு வரும். கைபேசி விசையின் கீழே இருப்பதும் இதுவே. எவர்சில்வரால் ஆன, சில மில்லிமீட்டர் விட்டமுள்ள, கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய தகடு அது. அதன் விளிம்பு சுற்றுப்பலகையில் உள்ள ஒரு மின்முனையை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவே கிண்ணத்திற்கு நேர் கீழே மற்றொரு மின்முனை இருக்கும். விசையை அழுத்தும்போது கிண்ணத்தின் உச்சி கீழிறங்கி நடுமுனையைத் தொடுகிறது. மின்சுற்று முழுமை பெறுகிறது.

சாதாரணச் சுருள்வில்லை அழுத்தினால், ஹூக் விதிப்படி, விசை சீராகக் கூடிக்கொண்டே போகும். கவிந்த தகடு அவ்வாறு நடப்பதில்லை. முதலில் எதிர்ப்பு கூடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு நியூட்டன் விசை செலுத்தியதும் தகடு திடீரென மடங்கிக் கொடுக்கிறது. எதிர்ப்பு சட்டென்று குறைகிறது. இந்த வீழ்ச்சியையே விரல் 'அழுந்திவிட்டது' என்று உணர்கிறது. கண் பார்க்கத் தேவையில்லை. காது கேட்கத் தேவையில்லை. விசையின் விளிம்பு, 'நீ இருக்கும் இடம் இது' என்று விரலுக்குச் சொல்கிறது. தகட்டின் மடக்கம், 'எழுத்து பதிந்தது' என்று சொல்கிறது. விசைப்பலகையை விரும்புவோர் சொல்லும் நன்மை இவ்விரண்டு செய்திகளே. அது வெறும் கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும்.

முப்பத்தைந்து விசைகளுக்கும் தனித்தனியே இரண்டு கம்பிகள் வைத்தால் 70 கம்பிகள் வேண்டும். இதனைத் தவிர்க்கப் பொறியாளர்கள் ஓர் எளிய வழி கண்டனர். 5 கிடைவரிசைக் கம்பிகள், 7 நெடுவரிசைக் கம்பிகள். அவை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசை. 5 × 7 = 35 விசைகளுக்கு 12 கம்பிகளே போதும். நுண்செயலி ஒவ்வொரு கிடைவரிசைக்கும் முறைவைத்து மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுவரிசையில் அது வெளிப்படுகிறது என்று பார்க்கும். வரிசை எண்ணும் நிரல் எண்ணும் தெரிந்தால் எழுத்து தெரிந்துவிடும். இச்சோதனை வினாடிக்குப் பன்முறை நடைபெறுகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தரையில் போட்ட பந்து துள்ளுவதைப் போல, மின்முனையைத் தொட்ட தகடும் சில மில்லிவினாடிகள் துள்ளுகிறது. ஒரு முறை அழுத்தினால் மூன்று நான்கு முறை அழுத்தியதாகக் கணக்காகிவிடும். எனவே நுண்செயலி சற்றுப் பொறுத்திருந்து, துள்ளல் அடங்கிய பிறகே எழுத்தை ஏற்றுக்கொள்கிறது. வியர்வை உப்பும் தூசும் படிந்த பழைய விசைகளில் தொடுகை விட்டுவிட்டு ஏற்படும். 'ஏ' என்று ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவதும், சில வேளை பதியாமலே போவதும் இதனால்தான்.

தகடு எத்தனை நாள் தாங்கும்? ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? இதனை உலோகக் களைப்பு என்பர். ஒரு தகடு பத்து லட்சம் அழுத்தங்களைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்கு 3,000 முறை விசைகளை அழுத்துகிறார் என்க. ஆங்கிலத்தில் எழுதும்போது மிகுதியாக அழுத்தப்படுவது சொற்களுக்கிடையே இடம்விடும் நீள்விசை. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதற்கே போகும். நாளைக்கு 500 எனில், பத்து லட்சம் வகுத்தல் 500, அதாவது 2,000 நாள்கள். ஐந்தரை ஆண்டுகள்! அரிதாகப் பயன்படும் எழுத்துகளின் விசைகளோ பல பத்தாண்டுகள் தாங்கக்கூடும். ஆகவே விசைப்பலகை ஒரே நாளில் சாவதில்லை. நாம் அதிகம் பயன்படுத்தும் விசையில் தொடங்கி, ஒவ்வொன்றாகவே தளர்கிறது. தளர்ந்த பலகையைக் கழற்றி வேறு பலகை பொருத்தவும் இயலும்.

கண்ணாடி எவ்வாறு தொடுதலை அறிகிறது?

தொடுதிரையில் நகரும் பாகமே கிடையாது. கண்ணாடிக்கு அடியில், ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளாலான மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. அவை குறுக்கிடும் இடங்களில் சிறு மின்தேக்கிகள் உருவாகின்றன. மனித உடல் மின்கடத்தி. ஆகவே விரலை அருகில் கொண்டுவந்தால் அங்குள்ள மின்புலத்தின் ஒரு பகுதி விரலின் பக்கம் திரும்புகிறது. அந்த இடத்து மின்தேக்குத்திறன் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்து, விரல் இருக்கும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது.

விரலுக்கும் கோடுகளுக்கும் இடையிலான மின்தேக்குத்திறனை நீங்களே மதிப்பிடலாம். இணைத்தட்டு மின்தேக்கியின் மின்தேக்குத்திறன் பரப்புக்கு நேர்விகிதத்திலும், இடைவெளிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். விரல் படும் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், கண்ணாடியின் தடிமன் அரை மில்லிமீட்டர், அதன் ஒப்புமை விடுதிறன் 7 எனக் கொண்டால் விடை சுமார் 12 பிக்கோஃபாரட். ஒரு குறுக்கீட்டில் ஏற்படும் மாற்றம் இதைவிடவும் சிறியது. இவ்வளவு நுண்ணிய மாற்றத்தை அளப்பதால்தான் மழைத்துளி பட்டால் திரை குழம்புகிறது. தடித்த கையுறை அணிந்தால் உணர மறுக்கிறது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பிளாஸ்டிக் பேனா மூடியால் திரையைத் தொடுங்கள், ஒன்றும் நிகழாது. மூடியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, உங்கள் விரல் தாளின் மீது படுமாறு பிடித்துத் தொடுங்கள். திரை விடை கொடுக்கும். பிறகு திரையின் மேல் பாலித்தீன் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே விரலால் தொடுங்கள். ஓர் அளவுக்கு மேல் திரை உணராது. ஏன் என்பதை மேலே கூறிய விகிதத்திலிருந்து நீங்களே சொல்லிவிடலாம்.

கண்ணாடிக்கு உள்ள நன்மைகளையும் மறைக்கக் கூடாது. போல்டு 9900-இன் திரை 2.8 அங்குலமே, முகப்பின் பெரும்பகுதியை விசைகள் எடுத்துக்கொண்டன. மேலும் விசையில் பொறித்த எழுத்தை மாற்ற முடியாது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு அளவெடுத்த பலகையில், 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் கொண்ட நம் தமிழை எழுதுவது எளிதன்று. கண்ணாடித் திரையோ ஒரு நொடியில் தமிழ்ப்பலகையாகிவிடும். ஆகவே, விசைப்பலகை சிறந்ததா கண்ணாடி சிறந்ததா என்பதற்கு ஒரே விடை இல்லை. யார், எந்த மொழியில், என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது அது.

மின்கலத்தின் மூப்பு

விசைகளைவிட விரைவில் மூப்படைவது மின்கலமே. லித்தியம் அயனி மின்கலத்தில் ஒரு முனை கிராஃபைட். மறுமுனை பெரும்பாலும் கோபால்ட் அடங்கிய ஆக்சைடு. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. பயன்படுத்தும்போது மறுமுனைக்குத் திரும்புகின்றன. 1991-இல் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

கிராஃபைட் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது மின்கலத்தைக் காக்கும் படலமே. ஆனால் நாளடைவில் தடித்துக்கொண்டே போய், லித்தியத்தின் ஒரு பகுதியை வீணாக்கிவிடுகிறது. கைபேசி மின்கலங்கள் 300 முதல் 500 முழு மின்னேற்றங்களுக்குப் பின், தொடக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்குக் குறைவது இயல்பு. நாள்தோறும் ஒரு முறை மின்னேற்றினால் இது ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக் கணக்கு. பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் படலம் வளரும். வெப்பம் மிகுந்தால் விரைந்து வளரும். ஆகவே 'பத்தாண்டாகப் பிரிக்கப்படாத புதிய மின்கலம்' என்று ஒருவர் விற்றால், அது புதியது அன்று.

கொள்ளளவு குறைவதைவிடக் கவலைக்குரியது அக மின்தடை கூடுவதாகும். 2ஜி முறையில் பேசும்போது, கோபுரம் தொலைவில் இருந்தால், கைபேசி துடிப்புத் துடிப்பாக 2 வாட் வரை திறனை வெளியிடும். அத்தருணத்தில் மின்கலத்திலிருந்து சுமார் 2 ஆம்பியர் மின்னோட்டம் பாயலாம். மின்கலத்தின் மின்னியக்கு விசை 3.7 வோல்ட், அக மின்தடை 0.15 ஓம் எனில், உள்ளே இழப்பது 0.3 வோல்ட், வெளியே கிடைப்பது 3.4 வோல்ட். மூப்படைந்து மின்தடை 0.4 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 0.8 வோல்ட், கிடைப்பது 2.9 வோல்ட் மட்டுமே. இது போதாமல் கருவி அணைந்துவிடும். திரையில் '40 விழுக்காடு' என்று காட்டிய கைபேசி, தொலைவான ஊரில் அழைப்பு விடுத்த மறுகணமே அணைவதன் காரணம் இதுவே.

போல்டு 9900-இன் பின்மூடியை நகத்தால் நீக்கி மின்கலத்தை மாற்றலாம். கிளாசிக்கிலும் கீ டூவிலும் கருவியைப் பிரித்தே மாற்ற வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதனை அழுத்தவோ துளையிடவோ கூடாது, தீப்பிடிக்கும். பயன்படுத்துவதை உடனே நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை. எனினும், விசையைப் போல மின்கலமும் மாற்றக்கூடிய பொருள்தான்.

கருவியின் மறுபாதி

இதுவரை கண்ட குறைகள் எல்லாம் நம் கையில் உள்ள பெட்டிக்குள் இருப்பவை. கவனமும் உதிரிப் பாகங்களும் இருந்தால் அவற்றைச் சமாளித்துவிடலாம். தாத்தா காலத்துத் தையல் இயந்திரம் இன்றும் தைக்கிறது. அவ்வாறெனில் 2011-இல் வாங்கிய கைபேசி ஏன் பேச மறுக்கிறது?

தையல் இயந்திரம் முழுமையான கருவி. நூலும் துணியும் இருந்தால் போதும். கைபேசியோ பாதிக் கருவி. மறுபாதி, கோபுரத்திலும் தொலைவில் உள்ள கணிப்பொறிகளிலும் இருக்கிறது. 1960-களில் வாங்கிய வானொலிப் பெட்டி, மத்திய அலை ஒலிபரப்பு உள்ள இடங்களில் இன்றும் பாடுகிறது. அலையில் ஒலியை ஏற்றும் முறை அன்று போலவே இன்றும் இருப்பதே காரணம். கைபேசித் துறையில் அம்முறை சுமார் பத்தாண்டுக்கு ஒரு முறை மாறுகிறது.

வானலைகள் அளவுக்கு உட்பட்டவை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். 2,100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 சென்டிமீட்டர். பயன்படுத்தத்தக்க அலைவரிசைகள் சிலவே இருப்பதால், புதிய முறைக்கு இடம் கொடுக்கப் பழைய முறையை நிறுத்துகிறார்கள். அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2022 பிப்ரவரி 22 அன்று தன் 3ஜி சேவையை நிறுத்தியது. வெரைசான் அதே ஆண்டு திசம்பர் இறுதியில் நிறுத்தியது. போல்டு 9900 அறிந்தது 2ஜியும் 3ஜியும் மட்டுமே. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ வலையமோ முதல் நாளிலிருந்தே 4ஜி வலையம். அதில் இக்கருவி செயல்படாது. கருவிக்குள் இருக்கும் அலைவாங்கியும் வடிகட்டிகளும் குறிப்பிட்ட அலைவரிசைகளுக்காகவே செய்யப்பட்டவை. எந்தப் புதிய நிரலை ஏற்றினாலும் அவை மாறமாட்டா.

4ஜி தெரிந்த பழைய கருவிக்கும் ஓர் ஆபத்து உண்டு. 2ஜி, 3ஜி முறைகளில் ஒருவர் பேசும்போது அவருக்கென ஒரு தனிவழி ஒதுக்கப்படும். 4ஜியில் அப்படி இல்லை. எல்லாம் சிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. பேச்சையும் பொட்டலங்களாக அனுப்பும் 'வோல்ட்டி' வசதி இல்லாத கருவி, அழைப்பு வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். அவ்விரண்டும் நிறுத்தப்பட்ட இடத்தில் இறங்குவதற்குப் படியே இல்லை. இணையம் வரும்; செய்தி படிக்கலாம்; திரையில் அலைக்குறியும் முழுமையாகத் தெரியும். ஆனால் அழைக்க முடியாது. அவசர உதவிக்கான அழைப்பும் இதில் அடங்கும்.

தொலைவில் அணைந்த விளக்கு

கோபுரத்திற்கு அப்பாலும் சார்பு உண்டு. பழைய பிளாக்பெர்ரிகளின் மின்னஞ்சலும் செய்திகளும் அந்நிறுவனத்தின் சொந்தக் கணிப்பொறி நிலையங்கள் வழியாகவே சென்றன. 2011 அக்டோபர் 10 அன்று அங்கே ஒரு முக்கிய இணைப்புக் கருவி பழுதுற்றது. மாற்றுக் கருவியும் எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா, தென் அமெரிக்கா என்று பரவி, வட அமெரிக்காவிலும் சேவை தடைப்பட்டது. சீராவதற்குச் சுமார் மூன்று நாள்கள் ஆயின. கோடிக்கணக்கானோர் கையில் இருந்த கருவிகளில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் அவை ஊமையாயின.

பின்னர் நிலையான நிறுத்தம் வந்தது. 2017 திசம்பர் 31-உடன் வாட்ஸ்அப் இக்கருவிகளுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. 2022 சனவரி 4 முதல், பிளாக்பெர்ரி 7.1 வரையிலான இயக்க முறைமைகளும் பிளாக்பெர்ரி 10 முறைமையும் கொண்ட கைபேசிகளுக்குரிய சேவைகளை நிறுவனமே நிறுத்தியது. இணையம், அழைப்பு, குறுஞ்செய்தி, அவசர அழைப்பு ஆகிய எவையும் இனி நம்பகமாகச் செயல்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என அது முன்னறிவித்தது. போல்டு, பாஸ்போர்ட், கிளாசிக் மூன்றும் இதில் அடங்கும். ஆண்ட்ராய்டு முறைமையில் இயங்கும் கீ ஒன், கீ டூ ஆகியவை இதில் சேரா.

நாள் குறித்து முடியும் மற்றொன்றும் உண்டு. ஓர் இணையதளம் உண்மையானதுதானா என்று சோதிக்க, ஒவ்வொரு கருவியிலும் நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அச்சான்றிதழ்களுக்குக் காலாவதி நாள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று மிகப் பரவலாகப் பயன்பட்ட வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. பட்டியலைப் புதுப்பிக்க வழியில்லாத பழைய கருவிகள் பல, நல்ல தளங்களையும் நம்ப மறுத்தன. கீ டூ போன்ற கருவிகள் இன்றும் இயங்கினாலும், கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அவற்றுக்கு இப்போது வருவதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தூக்கி எறிந்துவிடுவதுதான் வழியா? அதுவும் சரியன்று. 2022-ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. ஒரு திறன்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிவளி மாசில் பெரும்பகுதி, அதனைச் செய்யும்போதே உண்டாகிவிடுகிறது. ஆகவே ஒரு கருவியை இன்னும் ஓராண்டு பயன்படுத்துவது பொருளுள்ள செயலே. ஆனால் எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எழுதுவதற்கும், குறிப்பெடுப்பதற்கும், பாட்டுக் கேட்பதற்கும் பழைய விசைப்பலகைக் கருவி தாராளமாக உதவும். இவ்வேலைகளுக்குக் கோபுரம் தேவையில்லை. அங்கே அது தையல் இயந்திரத்தைப் போன்றதே. வங்கிக் கணக்கு, பணம் செலுத்துதல் ஆகியவற்றிற்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கருவி ஏற்றதன்று. தனியே வசிக்கும் முதியவரிடமோ, இரவில் பயணம் செய்பவரிடமோ இருக்கும் ஒரே கைபேசியாக அதனை வைப்பது அறவே கூடாது. அன்றாட அழைப்புக்கு வைத்திருப்பவர், வீட்டின் உள்ளறையிலிருந்தும் ஊருக்கு வெளியேயிருந்தும் நண்பர் ஒருவரை அழைத்து, பேச முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்காக 112 என்ற அவசர எண்ணை அழைக்கக் கூடாது. உண்மையில் ஆபத்தில் இருப்பவரின் அழைப்பு அதனால் தாமதமாகும்.

விசைகளே வேண்டும் என்போருக்கு வேறு வழியும் இருக்கிறது. 2024-இல் 'கிளிக்ஸ்' என்ற பெயரில், ஐபோனின் அடியில் பொருந்தும் விசைப்பலகை உறை ஒன்று அறிமுகமாயிற்று. சீனாவின் யூனிஹெர்ட்ஸ் நிறுவனம் 'டைட்டன்' என்ற பெயரில் விசைப்பலகைக் கைபேசிகளைச் செய்துள்ளது. பழைய தகரத் தவளை புதிய கருவியிலும் 'டக்' என்று ஒலிக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

மாணவர்களே, ஒரு பொருளை வாங்கும்போது 'இது எத்தனை நாள் உழைக்கும்?' என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். தகட்டின் களைப்பையும் மின்கலத்தின் மூப்பையும் கணக்கிட்டு அதற்கு ஒருவாறு விடை கூறலாம். ஆனால் வலையத்தோடு இணைந்து இயங்கும் பொருளுக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது. இதன் மறுபாதி யாரிடம் இருக்கிறது, அவர்கள் அதனை எந்த நாள் வரை நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நிறுத்திய பின் இது தனியாக என்ன வேலை செய்யும் என்றும் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் உள்ள கைபேசியை எடுத்து, அதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்று இன்றே தேடிப் பாருங்கள்.